பல் எடுத்த பிறகு சிகரெட் ஆசை: இரண்டு முறை பட்டதில் தெரிந்தது

2022 அக்டோபரில் எனக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார்கள். மறுநாள் ராத்திரி மொட்டைமாடியில் நின்று ஒரே ஒரு சிகரெட் பிடித்தேன். அதற்குப் பிறகு 9 நாள் பட்ட வலியை நினைத்தால் இப்போதும் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. 2024 ஜூனில் வலது பக்கம் கடைசிப் பல்லை எடுக்க வேண்டி வந்தது. இந்த முறை ஒரு இழுப்புகூட இல்லாமல் கடந்தேன். பல் எடுக்கப் போகிற, சிகரெட்டோ பீடியோ பிடிக்கிற யாராவது ஒருவருக்கு உதவட்டும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் பார்க்கிறவன். 20 வருடத்துக்கு மேல் இதே வேலை. சாதாரண நாளில் 12 சிகரெட், காலண்டர் சீசனில் 15-ஐத் தாண்டும். அச்சகத்துக்குள் தீக்குச்சி உரசவே முடியாது. ஒரு பக்கம் காகிதக் கட்டு, இன்னொரு பக்கம் ரோலர் கழுவுகிற தின்னர். அதனால் 11 மணிக்கும் 4 மணிக்கும் கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போவோம். மிஷின் சத்தம் காதில் விழாத நேரம் அந்தப் பத்து நிமிடம்தான். டீயும் தம்மும் ஓய்வும் எனக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருந்தன. எதைப் பிரித்து எதை விடுவது என்று தெரியாமலே வருடங்கள் ஓடிவிட்டன.

முதல் முறை பல் எடுத்தபோது டாக்டர் சொல்லாமல் இல்லை. மருந்துச் சீட்டோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். பஞ்சைக் கடித்தபடி இருக்கவும், துப்பக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது. எல்லாம் அதில் இருந்தது. படித்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏன் கூடாது என்று அதில் இல்லை, நானும் கேட்கவில்லை. சிகரெட் பொதுவாகவே கெடுதல், அதனால் எல்லாத் தாளிலும் அப்படிப் போடுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் மரத்துப்போன உதடும் மாத்திரைத் தூக்கமுமாகப் போய்விட்டது. இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து ஆசை பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. பட்டவர்களுக்குத் தெரியும், அது நாக்கில் வருகிற ஆசை இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ காலியாக இருக்கும். உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும். யார் என்ன கேட்டாலும் எரிச்சல் வரும். ராத்திரி ஒன்பதரைக்கு அச்சகத்து நண்பர் ஒருவர் நலம் விசாரித்து போன் பண்ணினார். பேச்சு வாக்கில், “பல் எடுத்த பக்கத்தை விட்டுட்டு மறு பக்கமா வச்சு இழுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது” என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மாடிக்கு ஏறினேன். உண்மையில் அன்று ராத்திரி ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மதியம் தொடங்கியது. பல் எடுத்த குழியிலிருந்து கிளம்பி, தாடை எலும்புக்குள் ஓடி, காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டு வரைக்கும் இழுக்கிற வலி. பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. வாயில் ஒரு கெட்ட நாற்றம், எச்சில் விழுங்கினால் கசப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக மூடியிருக்க வேண்டிய இடம் வெறும் குழியாக, உள்ளே சாம்பல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது என் தாடை எலும்பு என்று மறுநாள் காலையில்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு டிரை சாக்கெட் என்று பெயர். டாக்டர் உப்புநீர் மருந்தால் குழியை மெதுவாகக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கிற மருந்தில் தோய்த்த துணித்துண்டு ஒன்றை உள்ளே வைத்தார். சில நிமிடத்தில் வலி இறங்கியது. நாற்காலியிலேயே கண் கலங்கிவிட்டேன். ஆனால் அது ஒரு நாள், ஒன்றரை நாள்தான் தாங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போய், பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று முறை போனேன். சீசன் உச்சத்தில் நாலு நாள் சம்பளம் போனது தனிக்கதை. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: கிராம்பு வாசனைதானே என்று வீட்டில் கிராம்பு எண்ணெயை எடுத்துக் குழியில் ஊற்றிவிடாதீர்கள். நேரடியாக ஊற்றினால் உள்சதை வெந்துபோகும். அளவும் கலவையும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது முறை போன இடத்தில் ஒரு இளம் டாக்டரம்மா. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கடைசிப் பல் சாய்ந்து முளைத்துப் பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்குகிறது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். பழைய கதையைச் சொன்னேன். திட்டவில்லை. ஒரு தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். “அண்ணா, பல் எடுத்த குழியை ஒரு புண்ணா நினைச்சுக்கோங்க. அதுல உறையுற ரத்தக்கட்டிதான் அந்தப் புண்ணுக்குக் கட்டு. அந்தக் கட்டு கழண்டா எலும்பும் நரம்பும் காத்துல கிடக்கும். நீங்க சிகரெட்டை இழுக்கிறப்ப வாய்க்குள்ள காத்து உறிஞ்சுது பாருங்க, அது கட்டியைப் பிடிச்சு இழுக்கும்” என்றார். உறிஞ்சல் வாய் முழுவதும்தான் நடக்கிறது, அதற்கு இடம் வலம் கிடையாது என்றும் சொன்னார். மறு பக்கமாக வைத்து இழுத்தது ஏன் உதவவில்லை என்று இரண்டு வருடம் கழித்து அந்தப் படத்தில்தான் புரிந்தது.

உறிஞ்சலோடு முடிவதில்லையாம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் ஆற வேண்டிய இடத்துக்கு ரத்தம் குறைவாகப் போகும். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புகையின் சூடும் ரசாயனங்களும் புண்ணில் நேராகப் படும். கீழ்த்தாடையின் கடைசிப் பற்களில்தான் இந்த டிரை சாக்கெட் அதிகம் வருகிறது, புகை பிடிக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். என்னிடம் இரண்டும் இருந்தன. முதல் 3 நாள் மிக முக்கியம், ஒரு வாரம் தாண்டினால் பெரிய பயம் இல்லை, அதற்கு மேல் எத்தனை நாள் விட்டாலும் நல்லது என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. சிகரெட்டை நிறுத்தினால் சில மணி நேரத்தில் தவிப்பு ஆரம்பித்து, 2-ஆம், 3-ஆம் நாளில் உச்சத்துக்குப் போகும். பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டி பலவீனமாக இருப்பதும் அந்த முதல் 3 நாளில்தான். பல் எடுக்கிற அன்று காலையில் கடைசி சிகரெட்டைப் பிடித்துவிட்டுப் போனால், ஆசை உச்சத்தில் இருக்கிற நாளும் புண் மோசமாக இருக்கிற நாளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 2022-இல் எனக்கு நடந்தது அதுதான். என் மனதிடம் குறைவு என்று அதுவரை நினைத்திருந்தேன். தேதியைத்தான் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

ஆகவே வியாழக்கிழமை பல் எடுப்பதற்கு, ஞாயிற்றுக்கிழமையே சிகரெட்டை நிறுத்துவது என்று முடிவு செய்தேன். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக எடுக்க வேண்டிய பல் என்றால் வேறு வழியில்லை. நாள் குறித்துக்கொண்டு போகிறவர்கள் 4 நாள் முன்பே நிறுத்திவிட்டால், மிகக் கொடுமையான அந்த இரண்டு நாளும் வாய் நன்றாக இருக்கும்போதே கழிந்துவிடும். ஏலக்காய் மெல்லலாம், நெல்லிக்காய் கடிக்கலாம், சூடாக டீ குடிக்கலாம். பல் எடுத்த பிறகு இவை எதுவும் கைகொடுக்காது.

டாக்டரம்மாவிடம் கேட்டு நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டேன். புகை இல்லாமல் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிகோடினைக் கொடுத்துத் தவிப்பைக் குறைக்கிற ஒட்டு அது. ஒரு நாளைக்கு 10-க்கு மேல் பிடிக்கிறவர்களுக்குப் பொதுவாக 21 மில்லிகிராமில் ஆரம்பித்து, சில வாரங்களில் 14, பிறகு 7 என்று இறக்குவார்கள். எங்கள் தெரு மெடிக்கலில் அது இல்லை, இரண்டு நாள் முன்பே சொல்லி வரவழைத்தேன். காலையில் குளித்துத் துடைத்துவிட்டு, முடி இல்லாத தோலில் ஒட்ட வேண்டும். தினமும் இடத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும். ராத்திரியும் ஒட்டியிருந்தால் கனவு கன்னாபின்னாவென்று வருகிறது, எனக்கு வந்தது. படுக்கும்போது கழற்றிவிடச் சொன்னார். பேட்சில் இருக்கிற நிகோடினும் ரத்தக் குழாயைச் சுருக்கத்தானே செய்யும் என்று கேட்டேன். செய்யும், ஆனால் உறிஞ்சல் இல்லை, சூடு இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை, உங்கள் நிலைமைக்கு சிகரெட்டை விட இதுதான் எவ்வளவோ மேல் என்றார். இதய நோய் இருக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மெடிக்கலில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கமும் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சில முறை மென்று, காரம் தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். ஞாயிறு முதல் புதன் வரை எனக்கு இது நன்றாக உதவியது. வியாழனுக்குப் பிறகு தொடவில்லை. மெல்லுவதும் எச்சிலை உறிஞ்சுவதும் ஒதுக்கி வைப்பதும் எல்லாமே புண்ணின் பக்கத்தில் நடக்கிற வேலை.

செவ்வாய்க்கிழமைதான் மிகவும் கஷ்டப்பட்டேன். மதியம் ஒரு பெட்டிக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியேவிட்டேன். 22 வருடமாக இந்தப் பாக்கெட்டுகளைக் கையில் பிடித்திருக்கிறேன். அச்சுக்காரன் என்பதால் நிறம் விலகியிருக்கிறதா, மடிப்பு சரியா என்றெல்லாம் பார்ப்பேன். இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற எச்சரிக்கைப் படத்தின் கீழ் ஒரு நம்பர் அச்சிட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அதை நம்பராக நினைத்ததில்லை. அன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்த பாக்கெட்டைப் பார்த்து அந்த நம்பருக்கே போன் போட்டேன். 1800-11-2356. புகையிலையை விட நினைக்கிறவர்களுக்கான அரசு உதவி எண், காசு கிடையாது. தமிழில் பேசினார்கள். எத்தனை வருடம், எத்தனை சிகரெட், எந்த நேரத்தில் அதிகம் என்று பொறுமையாகக் கேட்டார் அந்தப் பெண். “இப்ப எங்க நிக்கிறீங்க?” என்றார். பெட்டிக்கடை என்றேன். “பேசிக்கிட்டே வண்டியைத் தள்ளிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போங்க” என்றார். போனேன். அடுத்த தெருவில் நின்றபோது ஆசை பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு அவர்களே இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள்.

வியாழன் காலை பல் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி, ஒரு தையல், முக்கால் மணி நேர வேலை. பஞ்சை ஒரு மணி நேரம் கடித்திருந்தேன். ரத்தச் சுவையோடு எச்சில் ஊறும்போது துப்பத் தோன்றும். புகை பிடிக்கிற எங்களுக்கு அடிக்கடி துப்புவது ஊறிய பழக்கம். அந்தத் துப்பலும் கட்டியை இழுக்கும் என்பதால் விழுங்கிவிடுங்கள் என்றார். அருவருப்பாக இருந்தாலும் விழுங்கிவிடுவது நல்லது.

வீட்டில் படுத்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. சிகரெட் ஆசைக்கு ஊரில் சொல்கிற எல்லா வைத்தியமும் வாய் வழியாகத்தான் இருக்கிறது. மிட்டாய் சப்பு, கிராம்பு கடி, வேர்க்கடலை கொறி, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடி. கடைசியில் ஆழமாக மூச்சு இழு என்பார்கள், அதையும் பழக்க தோஷத்தில் உதட்டைக் குவித்து சிகரெட் இழுப்பது போலத்தான் இழுக்கிறோம். வாயை மூடிவிட்டால் மிச்சம் இருப்பது கை, கால், மூக்கு. அவற்றுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூக்குக்கு, ஒரு கைப்பிடி ஓமத்தைச் சூடு காட்டி வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்தாள் என் மனைவி. ஆசை வரும்போது வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே மெதுவாக முகர்ந்து, மூக்காலேயே விடுவேன். பத்து முறை. நெஞ்சுக்குள் அந்தக் காரம் இறங்கும்போது புகை இறங்குகிற இடத்துக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். மருத்துவக் காரணம் சொல்ல எனக்குத் தெரியாது, எனக்குப் பலித்தது. கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ் வைப்பது வீக்கத்துக்காகச் சொன்னது. 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்துவிட வேண்டும். அந்தக் குளிர்ச்சி ஆசையையும் கொஞ்சம் அமுக்குகிறது, ஒரு கைக்கும் வேலை ஆகிறது.

கைக்குப் பெரிய வேலை என் மகள் கொடுத்தாள். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். அவளுடைய நோட்டு, புத்தகம் எல்லாவற்றுக்கும் பிரவுன் தாள் அட்டை போட வேண்டும். வருடா வருடம் ஞாயிற்றுக்கிழமை அவசர அவசரமாகப் போட்டுத் தருவேன். இந்தத் தடவை வெள்ளி, சனி இரண்டு நாளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக, மூலை மடிப்பு வெட்டி, லேபிள் நேராக ஒட்டிப் போட்டேன். ஆசை வரும்போது அடுத்த நோட்டை எடுப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் நோட்டும் வந்து சேர்ந்தது. கைக்கு நுணுக்கமான வேலை, கண்ணுக்கு அளவு பார்க்கிற வேலை இரண்டும் சேர்ந்தால் மனம் அங்கே நிற்கிறது. வெறுமனே டிவி பார்த்தது உதவவில்லை. கை சும்மா இருந்ததும் ஒரு காரணம், அந்தக் காட்சிகளில் யாராவது பற்றவைத்துக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். பதினைந்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

ஒவ்வொரு ஆசையும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று செல்போனில் நேரம் பார்த்து நோட்டின் பின்பக்கம் குறித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை 14 முறை வந்தது. பெரும்பாலும் 4 நிமிடம், மிக நீண்டது 7 நிமிடம். மணிக்கு 8,000 தாள் ஓடுகிற மிஷினில் 4 நிமிடம் என்றால் ஐந்நூற்றுச் சொச்சம் தாள். ஒரு சின்னக் கட்டு. கொடுக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கொடுக்காவிட்டாலும் இறங்குகிறது. சனிக்கிழமை 9, ஞாயிற்றுக்கிழமை 6.

சாப்பிட்டு முடித்தவுடன் வருகிற ஆசைக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. அது மற்ற ஆசை மாதிரி இல்லை, கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். 24 மணி நேரம் கழிந்த பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு. அதையே சாப்பாட்டுக்குப் பிந்தைய தம்மாக ஆக்கிக்கொண்டேன். கொல்லைப்புறம், அதே துவைக்கிற கல், அதே நேரம். ஒரு வாய் தண்ணீர் எடுத்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, பிறகு குனிந்து வாயைத் திறந்து தானாக விழவிட வேண்டும். குலுக்கிக் கொப்பளிக்கக் கூடாது, ‘தூ’ என்று துப்பவும் கூடாது. டம்ளர் காலியாக மூன்று நான்கு நிமிடம் ஆகிறது. சரியாக ஒரு சிகரெட்டின் நேரம். வாயில் ஒரு சுத்தம் வருகிறது, சாப்பாடு முடிந்தது என்று உடம்புக்கு ஒரு அடையாளமும் கிடைக்கிறது.

சாப்பாடு பெரிய சிக்கல் இல்லை. முதல் நாள் ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், மோர், ஐஸ்கிரீம். அப்புறம் குழைந்த ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி. இளநீரை ஸ்ட்ரா இல்லாமல் டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். டீ விஷயத்தில் மட்டும் ஒரு செய்தி எனக்குப் புதிது. புகை பிடிக்கிறவர் உடம்பு காபி, டீயில் இருக்கிற கஃபீனைச் சீக்கிரமாகக் கரைத்துவிடுமாம். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. அதே 5 டீயைக் குடித்தால் முன்பைவிட அதிகக் கஃபீன் ரத்தத்தில் நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் சிகரெட் இல்லாததால் வந்தது என்றே நாம் நினைத்துக்கொள்வோம். நான் டீயைப் பாதியாகக் குறைத்தேன், ஆறவைத்துக் குடித்தேன். படபடப்பில் பாதி போய்விட்டது.

பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மா, “பல்லு வலிக்கு ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கய்யா, பட்டுனு நிக்கும்” என்று அன்போடு சொன்னார்கள். அவர்கள் காலத்தில் அதுதான் மருந்து. வாய்க்குள் வைக்கிற புகையிலை எதுவாக இருந்தாலும், ஹான்ஸ் வகைப் பொட்டலமாகவே இருந்தாலும், திறந்த புண்ணில் நேராகப் போய் உட்காரும். புகை இல்லையே என்று அதற்கு மாறுவது சரியில்லை. இன்னொருவர் சனிக்கிழமை சாயங்காலம் குவாட்டரோடு வந்தார். குடித்தால் எனக்கு அடுத்து சிகரெட் இல்லாமல் முடியாது. அதோடு, பல்லுக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரையோடு மது சேரவே கூடாது. அவரை வாசலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி மகளை ஒரு அற்ப விஷயத்துக்குக் கத்திவிட்டேன். கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அந்த நிமிடம், ஒரு சிகரெட் பிடித்தால் நான் நல்ல அப்பாவாகிவிடுவேன் என்று உண்மையாகவே தோன்றியது. நிகோடின் இப்படியும் பேசும் என்று முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய், “அப்பா சிகரெட்டை விட்டுட்டு இருக்கேம்மா, அதான் கோபம் வருது, உன் மேல இல்ல” என்றேன். “எத்தனை நாளைக்கு வரும்?” என்று கேட்டாள். இரண்டு மூன்று வாரம் என்றேன். காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டாள். வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

வலி விஷயத்திலும் ஒன்று கவனித்தேன். மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில்தான் ஆசையும் தலைதூக்குகிறது. வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், டாக்டர் எழுதிக் கொடுத்த நேரத்துக்குச் சரியாகச் சாப்பிட்டபோது இரண்டுமே அடங்கின. நாளுக்கு நாள் வலி குறைந்துகொண்டே வந்தால் புண் சரியாக ஆறுகிறது என்று அர்த்தம். குறைந்த வலி இரண்டு மூன்று நாளில் மறுபடி ஏறினாலோ, காதுக்கு இழுத்தாலோ, கெட்ட நாற்றம் வந்தாலோ உடனே போக வேண்டும். காய்ச்சல், சீழ், விழுங்க முடியாமை, பஞ்சைக் கடித்தும் நிற்காத ரத்தம் ஆகியவையும் அப்படித்தான். நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டிருந்தாலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் முறை நான் மறைத்தேன். அவர்களுக்குக் குழியைப் பார்த்ததுமே தெரிந்திருந்தது.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். குழியின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை ஏறி வந்திருந்தது. சாம்பல் வெள்ளை எங்கும் இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று 11 மணிக்குக் கேட் பக்கம் போகவில்லை. பின்பக்க வேப்பமரத்தடியில் சும்மா பத்து நிமிடம் உட்கார்ந்தேன். ஓய்வு தேவைதான், அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று அங்கே உட்கார்ந்தபோது தெரிந்தது. ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி, வேலை நெருக்க ஆரம்பித்தபோதும் தாக்குப்பிடித்தேன். அக்டோபரில் இரண்டு ராத்திரி ஷிஃப்டில் மறுபடி பிடித்துவிட்டேன், மூன்று சிகரெட். மூன்றாம் நாள் அந்த நம்பருக்குப் போன் போட்டுச் சொன்னேன், திரும்ப நிறுத்தினேன். அதற்குப் பிறகு இல்லை.

இப்போது என் மிஷினில் ஃபீடர் பக்கம் நிற்கிற தம்பிக்கு வருகிற வியாழக்கிழமை கடைவாய்ப் பல் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஓம முடிச்சு ஒன்று என் மனைவி கட்டிக் கொடுத்திருக்கிறாள். “அண்ணே, ராத்திரி ஒரு மணிக்கு ஆசை வந்தா என்ன பண்றது?” என்று கேட்டான். எனக்குப் போன் பண்ணு என்றேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போனை சைலண்டில் போடாமல் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.